டீஎஸ்எல்ஆர் வாங்கலாமா? பிழையாய்ப்போன படங்களை முதலில் பாருங்கள்

போன மாதம் அண்ணையின் மகள் வீட்டுக்கு வந்து, "சித்தப்பா, நான் ஒரு டீஎஸ்எல்ஆர் வாங்கட்டோ?" என்று கேட்டாள். டீஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸைக் கழற்றி மாற்றுகிற பெரிய கமரா. அவளிடம் இருப்பது கைக்குள் அடங்குகிற சின்னக் கமரா. வேலைக்குப் போய் முதல் சேமிப்பு கையில் இருக்கிறது. "வாங்கு, வாங்காதே என்று நான் சொல்ல முன்னம், நீ எடுத்துப் பிழையாப்போன படங்களைக் கொண்டு வா பிள்ளை" என்றேன். நல்ல படங்களைத்தான் காட்டச் சொல்வேன் என்று நினைத்திருந்தாள் போல, கொஞ்சம் விழித்தாள்.

இதே கேள்வியோடு நானும் இரண்டு வருடம் திரிந்தவன். யாராவது அன்றைக்கு என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால், வாங்கியபின் வந்த முதல் ஆறு மாத ஏமாற்றம் எனக்கு இல்லாமல் போயிருக்கும்.

2012 கடைசியில் கெனன் பவர்ஷொட் எஸ்எக்ஸ்260 வாங்கினேன். 231 கிராம், 12 மெகாபிக்சல், 20 மடங்கு ஸூம். நாலு வருடம் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. கொழும்பில், வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது கடல், பம்பலப்பிட்டியில் மழைக்கு ஒதுங்கும்போது குடைகள் என்று நினைத்த நேரத்தில் எடுத்தேன். காலி முகத்திடலில் பின்னேர வெயிலில் எடுத்த பட்டம் ஒன்றை ஏ4 அளவில் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் பின்னாளில் டீஎஸ்எல்ஆரில் எடுத்த படம் ஒன்றும் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற எவருக்கும் எது எதில் எடுத்தது என்று தெரிவதில்லை. நல்ல வெளிச்சம், அசையாத பொருள், அளவான அச்சு என்றால் சின்னக் கமராவே தாராளமாகப் போதும்.

அது கைவிட்ட இடம் ஆடிவேல் திருவிழா இரவு. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் தேர் வரும்போது, தெருவோரம் தேங்காயும் தட்டுமாக அம்மா நின்றார். கற்பூர வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அழுத்தினேன். கமரா ஃபோகஸ் தேடிப் படம் பிடித்து முடிக்கும்போது அம்மா தலையைத் திருப்பிவிட்டார். அடுத்த படத்தில் முகம் இருந்தது, ஆனால் கன்னமும் சேலைக் கரையும் நீர்வண்ணத்தில் தேய்த்ததுபோல் கரைந்து கிடந்தன. அம்மாவின் கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று உண்டு. அது படத்தில் இல்லை. இருட்டில் வருகிற புள்ளிகளை அழிக்கப் போன கமரா, தழும்பையும் சேர்த்து அழித்துவிட்டது.

காரணம் சிம்பிள். அந்தக் கமராவின் சென்சர், அதாவது வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லு, ஏறத்தாழ 6.2 மிமீக்கு 4.6 மிமீ, சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. கெனனின் தொடக்கநிலை டீஎஸ்எல்ஆரில் இருப்பது 22.3க்கு 14.9. பரப்பைக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 12 மடங்கு. அதோடு என் சின்னக் கமராவில் ஸூமை முழுக்க நீட்டினால் அபர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழைகிற வாசல், எஃப் 6.8க்குப் போய்விடும். இந்த எஃப் எண் கூடக் கூட வாசல் குறுகும். வாசல் குறுகிய வீட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம்தான் வரும்?

2016 சித்திரையில் கெனன் 1200டீ என்ற டீஎஸ்எல்ஆரை, கூடவே தருகிற வழக்கமான 18-55 மிமீ லென்ஸுடன் வாங்கினேன். மிமீ எண் கூடக் கூட தூரத்துப் பொருள் கிட்ட வரும். பெட்டியைப் பிரித்த அன்றே விளக்கடியில் அம்மாவை எடுத்தேன். பெரிய மாற்றம் இல்லை. மனம் விழுந்துபோனது. கூட வருகிற லென்ஸை 55இல் வைத்தால் எஃப் 5.6. சென்சர் பெரிதாக இருந்தாலும் லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம் அவ்வளவுதான். வாங்கப் போகிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: டீஎஸ்எல்ஆரின் விலை என்று கடையில் சொல்வது பாதி விலை. மீதி லென்ஸில் இருக்கிறது.

அரை வருடம் கழித்து 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினேன். கெனன் லென்ஸ்களில் மிக மலிவான வரிசையில் உள்ளது. எஃப் 5.6க்கும் 1.8க்கும் இடையில் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். அன்றிரவு சாமி அறை வாசலில் அம்மா திரி திரித்துக்கொண்டு இருந்தார். லைட் போடவில்லை, குத்துவிளக்கு மட்டும். எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரலில் ஒட்டிய பஞ்சு இழை தெரிந்தது, கன்னத்துத் தழும்பு தெரிந்தது. அன்றைக்குத்தான் காசு வீண்போகவில்லை என்று நம்பினேன்.

அந்த லென்ஸுக்கும் குறை உண்டு. இந்தச் சென்சர் பழைய ஃபிலிம் அளவை விடச் சின்னது என்பதால், 50 என்பது 80 மிமீ போல, காட்சியை நெருக்கி வேலை செய்யும். வெள்ளவத்தை ஃப்ளாட் அறையில் இரண்டு பேரை முழுதாக எடுக்க முதுகைச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அதுவும் போதாது. எஃப் 1.8இல் ஃபோகஸ் ஆழம் மெல்லிசு, மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கும். முதல் மாதத்தில் பாதிப் படம் இப்படித்தான் போனது. எஃப் 2.8இல் வைத்துப் பழகியபிறகு சரியானது.

ஸூம் வேண்டும் என்று டீஎஸ்எல்ஆருக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். என் சின்னக் கமரா 500 மிமீக்குச் சமமான தூரம் போகும். டீஎஸ்எல்ஆருக்கு நான் தனியாக வாங்கிய 55-250 லென்ஸ் 400க்குத்தான் சமம். பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலத்தில் சங்குவளை நாரையை எடுத்தபோது சின்னக் கமராவில்தான் பறவை பெரிதாக விழுந்தது. ஆனால் சிறகின் வரிகள் டீஎஸ்எல்ஆர் படத்தை வெட்டியெடுத்ததில்தான் வடிவாக இருந்தன.

உண்மையிலேயே மாற்றம் தெரிந்த இன்னொரு இடம் வேகம். கரையோர ரயில் வெள்ளவத்தைக்குள் நுழையும்போது வாசலில் தொங்கி வருகிறவர்களின் முகத்தைச் சின்னக் கமராவில் ஒருநாளும் பிடிக்க முடிந்ததில்லை, கடைசிப் பெட்டிதான் கிடைக்கும். 1200டீயில் அழுத்துகிற கணம்தான் படம். உச்சி வெயிலில் பின் திரை ஒன்றுமே தெரியாத இடத்தில் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்க்கிற சுகத்தையும் சொல்ல வேண்டும்.

இழந்ததும் உண்டு. லென்ஸோடு 700 கிராமுக்குக் கிட்ட வருகிற கமராவைக் காலையில் 100ஆம் நம்பர் பஸ்ஸில், நிற்கவே இடமில்லாத நேரத்தில், யார் கொண்டு போவது? மெல்ல மெல்ல அது விசேஷத்துக்கு மட்டும் வெளியே வருகிற பொருளாகிவிட்டது. மழைக் குடைப் படங்கள் நின்றுபோயின. புறக்கோட்டையில் சின்னக் கமராவைத் தூக்கினால் சனம் தன்பாட்டில் போகும், பெரிய கமராவைக் கண்டால் நிமிர்ந்து நிற்கும், அல்லது முகத்தைத் திருப்பும். இரண்டொரு கட்டிடங்களுக்கு முன்னால் காவலாளிகள் வந்து "எடுக்க வேண்டாம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் பூஞ்சணம். கொழும்பில், அதுவும் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். 2018 ஐப்பசி மழையில் கமராவைத் துணிப் பைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் திறக்கவில்லை. எடுத்துப் பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், 18-55 லென்ஸுக்குள் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள். திருத்துகிறவர் கழற்றித் துடைத்துத் தந்தார், ஆனால் கண்ணாடிப் பூச்சில் தடம் விழுந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் இன்றைக்கும் படம் வெளிறும். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், கிழமைக்கொரு தரம் வெளியே எடுத்து நாலு படம். துணிப் பையும் தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவற்றில் வைத்து மூடாதீர்கள்.

இன்றைக்கு வாங்குவதென்றால் நிலைமை வேறு. கெனனும் நிக்கொனும் புது முயற்சியெல்லாவற்றையும், டீஎஸ்எல்ஆரில் உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராப் பக்கம் திருப்பிவிட்டன. இரண்டின் உச்ச டீஎஸ்எல்ஆர்களும், 1டீ எக்ஸ் மார்க் 3உம் டீ6உம், 2020இல் வந்தவை. அதனாலேயே பாவித்த டீஎஸ்எல்ஆர் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. கெனன் டீஎஸ்எல்ஆருக்கான ஈஎஃப் லென்ஸ்களை அடப்டர் போட்டு அவர்களின் ஆர் வரிசை மிரர்லெஸ் கமராவிலும் பாவிக்கலாம் என்பதால், லென்ஸில் போடுகிற காசு கரைந்துவிடாது. 2022இல் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360ஐத் தொட்டபோது புதுச் சாமான் பக்கமே தலைவைக்க முடியவில்லை. அப்போதும் என் பழைய லென்ஸ்கள் வேலை செய்தன. பாவித்தது வாங்கும்போது டோர்ச் கொண்டு போங்கள், லென்ஸை உள்ளும் புறமும் பாருங்கள். எஃப் 16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

சரி, பெறாமகளின் கதைக்கு வருகிறேன். 40 படம் கொண்டு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஏன் பிழைத்தது என்று பக்கத்தில் எழுதச் சொன்னேன். 9 படம் கமராவில் பிழையே இல்லை, பின்னால் வெயில் இருக்க முகத்தை எடுத்தவை. அதற்குப் புதுக் கமரா வேண்டாம், இரண்டடி நகர்ந்தால் போதும். 4 படம் கை ஆடியவை. மீதி 27உம் தோழியின் அரங்கேற்றம், கடைசி வரிசையிலிருந்து முழு ஸூமில் எடுத்தவை. மேடை வெளிச்சம், சுழல்கிற ஆட்டம், அவ்வளவு தூரம். இதற்கு டீஎஸ்எல்ஆரும் கூட வருகிற லென்ஸும் உதவாது. தூரமும் போய் வெளிச்சமும் விடுகிற பெரிய லென்ஸ் கமராவைப் போல் பல மடங்கு விலை.

"அப்ப வேண்டாம் எண்டுறீங்களோ?" என்றாள்.

"கூட வர்ற லென்ஸோட வேண்டாம். பாவிச்ச கமரா ஒண்டு, 85 மிமீ எஃப் 1.8 ஒண்டு. முன் வரிசையில இடம் கேட்டு வை" என்றேன்.

மார்கழியில் இன்னொரு அரங்கேற்றம் இருக்கிறதாம். அதுவரைக்கும் என் 1200டீயையும் 50 மிமீ லென்ஸையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், சிலிக்கா ஜெல் பெட்டியோடு சேர்த்து.