முளைப்பயறா, உழவர் சந்தையா?

யு.கே.ஜி. பிள்ளைகளுக்குச் செடியையும் காயையும் அறிமுகப்படுத்த இரண்டு வழிகள்.

வகுப்பில் என்றால் பச்சைப்பயறு. 8 மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடித் தம்ளரின் சுவருக்கும் ஈரப் பஞ்சுக்கும் நடுவே 5 பயறு செருகுங்கள். ஓரிரு நாளில் வேர் எட்டிப்பார்க்கும். கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான்: ஆளாளுக்கு ஊற்றினால் காற்று கிடைக்காமல் விதை அழுகி நாறும். பஞ்சு நனைந்தால் போதும், அடியில் தேங்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மட்டும் தொடங்காதீர்கள். வேர் விடும் அந்தக் காட்சியே விடுமுறையில் போய்விடும்.

உழவர் சந்தைக்குப் பெற்றோரோடு காலையிலேயே போக வேண்டும். விலைப்பலகை, தராசு, கீரைக்கட்டின் மண்வாசம் எல்லாம் வகுப்பில் கிடைக்காதவை. நெரிசல் என்பதால் பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம். "3 நிறத்தில் 3 காய்" என்று வேலை கொடுங்கள். சும்மா சுற்றினால் சிணுங்கும்.

ஒன்றுதான் முடியுமென்றால் பயறுதான்: தினமும் அதைப் பார்க்கலாம், தொடலாம்.