இசைத்துறை மாநாடு: மேடையேறப் போவதா, ஆள் பார்க்கப் போவதா?

கலைஞர்களும் அவர்களை மேடையேற்றுகிறவர்களும் கூடித் தொழில் பேசும் இசைத்துறை மாநாட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தவர் முன்னால் வரிசையாகக் கேள்விகள் வந்து நிற்கும். எந்த மாநாடு? ஷோகேஸில், அதாவது துறையினருக்கு வாசித்துக் காட்டும் குறுநிகழ்ச்சியில், வாசிக்க விண்ணப்பிப்பதா, வெறும் பேட்ஜ் (நுழைவு அட்டை) வாங்கிக்கொண்டு போவதா? போன இடத்தில் பகலெல்லாம் அரங்கில் உட்கார்ந்து கேட்பதா, வெளியே நின்று நாலு பேரைப் பார்ப்பதா? கையில் பணமும் நேரமும் அளவாக இருப்பவரால் எல்லாவற்றையும் செய்ய முடியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை போகிறவருக்கு மேடையைவிட, முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்ட சந்திப்புகள்தான் பெரிது. மேடை பெரிதாகிற சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

பெரிய மாநாடா, நம் இசைக்கென்றே நடப்பதா

பெயர் பெற்றது என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் மார்ச் மாதம் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட். 1987-இல் இசைக்காகத் தொடங்கியது. பிறகு சினிமாவும் தொழில்நுட்பமும் சேர்ந்து ஊரையே நிறைக்கும் திருவிழாவாகிவிட்டது. அதற்கு எதிர்முனையில் இருப்பது வோமெக்ஸ். 1994-இல் பெர்லினில் தொடங்கி, இப்போது ஊர் மாறி ஊர் நடக்கிறது: 2023-இல் ஸ்பெயினின் ஆ கொருன்யா, 2024-இல் மான்செஸ்டர். நாட்டார் இசை, மரபிசை, பல நாட்டு இசைகளின் கலப்பு ஆகியவற்றை வாங்கவும் விற்கவும் வருகிறவர்களின் சந்தை அது. ஜாஸுக்கு ஜெர்மனியின் பிரேமனில் ஜாஸ்அஹெட், நடன மின்னிசைக்கு 1996 முதல் ஆம்ஸ்டர்டாம் டான்ஸ் ஈவென்ட் என்று ஒவ்வொரு வகைக்கும் ஓர் இடம் இருக்கிறது.

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மரபிசைக் கலைஞர் பெரிய திருவிழாவுக்குப் போனால் எதிர்ப்படுகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அவர் இசையோடு தொழில் தொடர்பு இருக்காது. வோமெக்ஸில் அதே பத்துப் பேரில் பலர், அத்தகைய இசையை மேடையேற்றுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். படங்களிலும் விளம்பரங்களிலும் விளையாட்டுகளிலும் பாடல் இடம்பெற வேண்டும் என்று தேடுகிறவருக்கு மட்டும் பெரிய மாநாடு பொருந்தும். அந்தத் துறையினரும் அதே ஊரில் அதே வாரம் இருப்பார்கள்.

பெயரை மட்டும் நம்பிப் போகவும் வேண்டாம். 1967 முதல் பிரான்சின் கான் நகரில் நடந்த மிடெம், ஒரு காலத்தில் உலகின் பாடல் உரிமைகள் கைமாறும் முதன்மைச் சந்தை. இனி நடத்தப்போவதில்லை என்று அதன் அமைப்பாளர்கள் 2021 இறுதியில் அறிவித்தார்கள். நாம் போக நினைக்கும் மாநாட்டுக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளில் யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

ஷோகேஸா, பேட்ஜா

பலர் தடுமாறுவது இங்கேதான். ஷோகேஸுக்குத் தேர்வாவது பெருமைதான், மறுக்கவில்லை. வோமெக்ஸில் ஆண்டுதோறும் மாறும் நடுவர் குழு ஒன்று தேர்ந்தெடுக்கிறது. ஏழு சாமுராய் என்று அதற்குப் பெயர். அந்தச் சல்லடையில் நின்றாலே கலைஞரின் மதிப்பு உயரும். ஆனால் மேடையில் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதே நேரத்தில் பக்கத்து அரங்கிலும் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். கலைஞர்களைத் தேடி வந்த அமைப்பாளர் மூன்று பாடல் கேட்டுவிட்டு அடுத்த அரங்குக்கு நகர்வார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவருடைய வேலையே அது. எனவே நம் ஆகச்சிறந்ததை முதல் பத்து நிமிடத்துக்குள் வைத்துவிட வேண்டும்.

செலவு யார் தலையில் என்பதையும் கேட்க வேண்டும். ஷோகேஸ்களில் பயணமும் தங்குமிடமும் பெரும்பாலும் கலைஞரின் பொறுப்பு. சவுத் பை சவுத்வெஸ்ட் ஓர் இசைக்குழுவுக்குத் தந்துவந்த தொகை 250 டாலர். அல்லது அதற்குப் பதிலாக நிகழ்ச்சிகளுக்குள் நுழைய ஒரு கைப்பட்டை. இசைக்கலைஞர் சங்கம் ஒன்று போராடிய பிறகு 2024-இல்தான் அது 350 டாலரானது. நாலு பேர் விமானம் ஏறிப் போகிற குழுவுக்கு இது எந்த மூலைக்கு? விசா இன்னொரு சிக்கல். 2017-இல் அந்த விழாவில் வாசிக்கக் கிளம்பிய இத்தாலியக் குழு ஒன்று, வாசிப்பதற்குத் தேவையான விசா இல்லை என்று சியாட்டில் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டு, திருப்பி அனுப்பப்பட்டது. அழைப்புக் கடிதம் கையில் இருப்பது மட்டும் போதாது. எந்த விசா என்று அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

அப்படியானால் மேடை எப்போது லாபம்? கேட்பவர் கையில் அடுத்த பருவ விழாக்களின் நிரப்பப்படாத மேடை இடங்கள் இருக்கும்போது. இதற்கு நல்ல உதாரணம் நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஜனவரியில் நடக்கும் யூரோசோனிக் நூர்டர்ஸ்லாக். கோடை விழாக்களுக்குக் கலைஞர்களைத் தேடும் அமைப்பாளர்கள் அங்கே கூடுகிறார்கள். அங்கே வாசித்தவர்களைப் பிற நாட்டு விழாக்கள் அழைப்பதை ஊக்குவிக்க 2003 முதல் ஒரு பரிமாற்றத் திட்டமே இருக்கிறது. ஜனவரியில் வாசித்தவர் ஜூலையில் வேறொரு நாட்டின் மேடையில் நிற்பதற்கு அங்கே வழி போட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் யூரோசோனிக் மேடை ஐரோப்பியக் கலைஞர்களுக்கானது. தகுதி விதியைப் படிக்காமல் விண்ணப்பிப்பது வீண்.

மேடையேறாமலே காரியம் நடந்த கதையும் உண்டு. 1994-இல் ஹான்சன் சகோதரர்கள் மூவர், சிறுவர்கள், சவுத் பை சவுத்வெஸ்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு மேடை இல்லை. இசைத்துறையினர் கூடியிருந்த இடத்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வாத்தியமில்லாமல் பாடிக் காட்டினார்கள். கேட்டவர்களில் ஒருவரான வழக்கறிஞர் கிறிஸ்டோபர் சாபெக் அவர்களுடைய மேனேஜர் ஆனார். நான் இதில் கவனிக்கச் சொல்வது பிறகு நடந்ததை. பெரிய லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒப்பந்தம் உடனே வரவில்லை, 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மாநாடு அவர்களுக்குத் தந்தது புகழை அல்ல, தங்களுக்காகக் கதவு கதவாகத் தட்டுகிற ஓர் ஆளை.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. நாட்டார் இசைக்கான ஃபோக் அலையன்ஸ் இன்டர்நேஷனல் மாநாட்டில் அதிகாரபூர்வ நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு ஓட்டல் அறைகளிலேயே நள்ளிரவு தாண்டியும் பாடுகிறார்கள். ஒலிபெருக்கி கிடையாது. கட்டிலிலும் தரையிலுமாக இருபது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். தனிக் குரலும் ஒரு வாத்தியமுமாக இருப்பவருக்குப் பெரிய மேடையைவிட இதுவே உகந்தது என்பேன்.

ஆல்பமும் தயார், நேரடி நிகழ்ச்சியும் கைபழகிவிட்டது, பின்தொடர்ந்து பேச ஆளும் இருக்கிறது என்றால் ஷோகேஸுக்கு விண்ணப்பியுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்த ஆண்டு பேட்ஜோடு போங்கள்.

அமர்வுகளா, சந்திப்புகளா

மேடையில் நாலு பேர் அமர்ந்து ஒருவர் நெறிப்படுத்தும் அமர்வுகளில் பாதி, பொதுவான பேச்சு. பல மாநாடுகள் அவற்றைப் பதிவுசெய்து பிறகு தருகின்றன. நேருக்கு நேர் பதினைந்து நிமிடம் பேசுவதை யாரும் பதிவுசெய்து தரப்போவதில்லை. ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சந்திப்புக்கே என் ஓட்டு.

விதிவிலக்கு இரண்டு. ராயல்டி (பாடல் பயன்படும்போது வரும் உரிமைத்தொகை) வசூல், பாடல் உரிமை பற்றிய பயிற்சி வகுப்புகளில் நம் சொந்தச் சிக்கலைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம், அவற்றை விடக் கூடாது. நாம் பார்க்க விரும்பும் ஆள் பேசுகிற அமர்வையும் விடக் கூடாது. அவர் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி கேட்டால், கீழே இறங்கியதும் பேச்சைத் தொடர்வது எளிது.

சந்திப்புகள் தானாக அமைவதில்லை. வோமெக்ஸ் போன்றவற்றில் யார் வருகிறார்கள் என்ற விவரத் தளம் பதிவுசெய்தவர்களுக்குத் திறந்திருக்கும். மூன்று நான்கு வாரம் முன்பே எழுத வேண்டும், கடைசி வாரத்தில் அவர்களுடைய நாட்குறிப்பு நிரம்பிவிடும். மின்னஞ்சல் ஐந்து வரியைத் தாண்டக் கூடாது: நான் யார், உங்களை ஏன் தேர்ந்தெடுத்தேன், என்ன கேட்க விரும்புகிறேன், ஒரு நேரடி நிகழ்ச்சி வீடியோவுக்கான இணைப்பு. பெரிய கோப்புகளை இணைத்து அனுப்பினால் திறக்கமாட்டார்கள்.

போவதற்கு முன் உரிமைக் கணக்கை நேர்செய்துகொள்வது இதைவிட முக்கியம். பாடல் இயற்றியதில் யாருக்கு எத்தனை சதவீதம், ஒலிப்பதிவு யாருடையது, ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடம் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு வாங்கியாயிற்றா? படத்துக்குப் பாடல் தேடுகிறவருக்கு இயற்றிய உரிமை, ஒலிப்பதிவு உரிமை இரண்டும் தேவை. இரண்டுக்கும் ஒரே ஆள் சம்மதம் சொல்ல முடியும் என்றால் அவர் வேலை பாதியாகக் குறைகிறது. அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் சொன்னால் அவர் வேறு பாடலுக்குப் போய்விடுவார்.

ஒரு நாளைக்கு ஐந்தாறு சந்திப்புக்கு மேல் குறிக்க வேண்டாம். எதிர்பாராத அறிமுகங்களுக்கும் இடம் வேண்டும், தொண்டையும் தாங்க வேண்டும்.

இரவு விருந்துகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நூறு பேர் கூடும் இரைச்சலில் முகம் மட்டுமே பதியும். பகலில் பேசியவரோடு இரவில் ஒரே மேசையில் சாப்பிடக் கிடைத்தால் அதற்குப் போங்கள்.

நாமே போவதா, மேனேஜரை அனுப்புவதா

ஒருவருக்குத்தான் டிக்கெட் என்றால்? மேடை இல்லாத ஆண்டில், நம்பகமான மேனேஜர் இருந்தால் அவரே போகட்டும். விலை பேசுவது, மறுப்பது, பிறகு நினைவூட்டுவது எல்லாம் அவருக்குக் கூச்சமில்லாமல் வரும். மேனேஜர் இல்லாதவர் தாமே போக வேண்டும், மேனேஜரைத் தேடுவதையே அந்தப் பயணத்தின் முதல் வேலையாக வைத்துக்கொண்டு. யார் போனாலும், பேசி முடித்த ஒவ்வொருவரைப் பற்றியும் என்ன பேசினோம், என்ன தருவதாகச் சொன்னோம் என்று அன்றிரவே குறித்து, திரும்பிய வாரத்துக்குள் எழுத வேண்டும். இரண்டு வாரம் பதில் இல்லாவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் மௌனம் என்றால், அடுத்த வெளியீடு வரும்போது புதிய செய்தியோடு எழுதலாம்.