எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ்: ஃபைனான்ஷியல் மாடலிங் பழக எது?

சென்னைக் கல்லூரிகளில் ஃபைனான்ஸ் எடுத்துப் படிக்கிறவர்களுக்கு மாடலிங் பேப்பர், அதாவது ஒரு தொழிலின் வரவு செலவை ஸ்ப்ரெட்ஷீட்டில் கட்டிப் பார்க்கும் பாடம், வந்ததும் முதல் குழப்பம், எதில் போடுவது என்பதுதான். லேபில் எக்செல், போனில் கூகுள் ஷீட்ஸ், காசில்லாமல் வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸின் கால்க். பாடத்தில் பாதிக்கு மேல் மூன்றும் ஒன்றுதான். இன்புட்டை மாற்றினால் விடை எப்படி மாறும் என்று காட்டும் சென்சிட்டிவிட்டி டேபிளுக்கு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

தாம்பரம் பக்கம் ஒரு கேன் வாட்டர் பிளான்ட் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலீடு 10 லட்சம், ஐந்து வருடத்துக்கு வருடம் 3 லட்சம் வரவு, டிஸ்கவுன்ட் ரேட் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம்) 12%. என்பிவி, அதாவது வரவுகளின் இன்றைய மதிப்பில் முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவது, 81,433 ரூபாய். முதலீட்டையும் சேர்த்து ஆறு செல்களையும் என்பிவி ஃபங்ஷனுக்குள் போட்டால் 72,708 என்று காட்டும். முதல் தொகையே ஒரு வருடம் கழித்துத்தான் வருகிறது என்று அந்த ஃபங்ஷன் எடுத்துக்கொள்வதுதான் காரணம். முதலீட்டை வெளியே வைத்துக் கழிக்க வேண்டும். மூன்றிலும் இதே கதைதான். ஃபார்முலாவை இழுத்தாலும் மாறாதபடி டாலர் குறி போட்டு செல்லைப் பூட்டுவது, இன்புட்டை நீலத்திலும் ஃபார்முலாவைக் கறுப்பிலும் வைப்பது எல்லாமும் அப்படியே.

சரி, கேன் விலை ஒரு ரூபாய் குறைந்து, டிஸ்கவுன்ட் ரேட்டும் 14% ஆனால்? எக்செலில் டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதற்குள் டேட்டா டேபிள். மேல் வரிசையில் விலைகள், இடப்பக்கம் ரேட்டுகள், மூலையில் என்பிவி செல். எந்த இரண்டு இன்புட் என்று காட்டினால் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முழு மாடலையும் திரும்ப ஓட்டி நிரப்பிவிடும். ஒரு நிபந்தனை: அந்த இன்புட் செல்கள் டேபிள் இருக்கும் ஷீட்டிலேயே இருக்க வேண்டும். அசம்ப்ஷன்ஸுக்குத் தனி ஷீட் வைத்திருந்தால், டேபிளையும் அங்கேயே போட்டுவிடுங்கள்.

கால்க்கிலும் இது உண்டு, மல்டிபிள் ஆபரேஷன்ஸ் என்ற பெயரில். நன்றாகவே ஓடும். ஆனால் அது அதே பெயருள்ள ஒரு ஃபங்ஷனாக செல்லில் உட்காரும், எக்செலில் அப்படியொரு ஃபங்ஷன் கிடையாது. பேராசிரியர் எக்செலில் திறந்து திருத்துபவர் என்றால் கவனம்.

கூகுள் ஷீட்ஸில் இந்த வசதியே இல்லை. கேன் பிளான்ட் கணக்குக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஃபார்முலா எழுதி இழுத்துவிடலாம். லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் கேஷ் ஃப்ளோவும் பின்னிக் கிடக்கும் மாடலில் அந்த வேலை நடக்காது. வேண்டிய விடைக்கு இன்புட் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தேடித் தரும் கோல் சீக்கையும் ஆட்-ஆனாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, அடுத்தவர் போட்ட மாடலைச் சரிபார்ப்பது. ஒரு செல் எங்கிருந்தெல்லாம் எண்களை எடுக்கிறது என்று எக்செல் அம்புக்குறி போட்டுக் காட்டும், கால்க்கில் டிடெக்டிவ் என்ற பெயரில் இருக்கிறது, ஷீட்ஸில் இல்லை. 2012-ல் அமெரிக்க வங்கியான ஜேபி மார்கன் 600 கோடி டாலருக்கு மேல் இழந்த விவகாரத்தில், ரிஸ்க் கணக்கிட்ட ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றில் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். அது ஓடியது எக்செலில்தான். அம்புக்குறி இருந்தால் மட்டும் போதாது, யாராவது அதைப் போட்டுப் பார்க்கவும் வேண்டுமே!

ஷீட்ஸை ஒதுக்கச் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்டில், எந்த செல்லை யார் எப்போது மாற்றினார்கள் என்று வரலாறோடு காட்டும், சண்டை மிச்சம். கூகுள்ஃபைனான்ஸ் ஃபங்ஷனில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார் பங்கு விலையை நேரே செல்லுக்கு வரவழைக்கலாம், கொஞ்சம் தாமதமாக வந்தாலும்.

என் ஓட்டு எக்செலுக்கு, அதுவும் கணினியில் நிறுவிய எக்செலுக்கு. பிரவுசரில் கிடைக்கும் இலவச எக்செலில் விபிஏ மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்ய எழுதும் சிறு நிரல்) ஓடாது. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வேல்யுவேஷன், கிரெடிட் ரிசர்ச் வேலைக்குப் போனால், தேர்வில் பெரும்பாலும் எக்செல் கோப்பைத்தான் கொடுத்து உட்கார வைப்பார்கள். வாங்குவதற்கு முன் கல்லூரி மின்னஞ்சலில் மைக்ரோசாஃப்ட் 365 கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் லைசென்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் கால்க்கில் தொடங்கலாம், தப்பில்லை.

மேக்புக் வைத்திருந்தால் ஒரு சங்கடம். விண்டோஸில் ஆல்ட் அழுத்தி எழுத்து எழுத்தாகப் போகும் ஷார்ட்கட்கள் எல்லாம் அதில் அப்படியே கிடைக்காமல் போகலாம். பிளேஸ்மென்டுக்கு முந்தைய மாதமாவது லேபில் உள்ள விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து விரல்களைப் பழக்குங்கள்.