420 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டா 410 தர்றாங்க, பார்த்து வாங்குங்க

கோவை பக்கம் உணவு மெஷினுக்குக் கத்தி பண்ற பட்டறைக்காரங்க கவனிங்க.

இட்லி மாவு பாக்கெட் மெஷினுக்குக் கத்தி ஆர்டர். தினமும் தண்ணி ஊத்திக் கழுவுற இடம், துரு ஏறக்கூடாது, கூரும் நிக்கணும். 304 துருவுக்குத் தாங்கும், ஆனா எந்த உலையில போட்டாலும் ஹார்டு ஆகாது. 440சி விலையும் ஜாஸ்தி, கிரைண்டிங்கும் பாடாப் படுத்தும். அதனால 420 ஃபிளாட் (பட்டை) வாங்கினேன். ஹார்டு பண்ணினா 50-52 ஆர்சி (ராக்வெல் சி, கடினத்தோட அளவு) வரணும்.

வந்தது 40. ஹார்டனிங் போடுறவர் மறுபடி போட்டுக் கொடுத்தார், அப்பவும் 40-தான். "உலையில ஒண்ணுமில்ல, சரக்கைப் பாருங்கண்ணா"ன்னார்.

கடைக்காரர் எக்ஸ்ஆர்எஃப் கன்னோட (எக்ஸ்ரே விட்டு உலோகத்துல என்ன கலந்திருக்குன்னு காட்டுற கருவி) வந்து இறங்கினார். கத்தி மேல வச்சு அழுத்தினதும் திரையில குரோமியம் 12.8 சதவீதம், கிரேடு 420. "பார்த்துக்கங்க, மெஷினே சொல்லுது." இங்கதான் ஏமாத்து வேலை. அந்தக் கன் கார்பனைப் படிக்காது, ஹார்டு ஏத்துறதே கார்பன்தான். 410-ல குரோமியம் 11.5-லிருந்து 13.5 வரை, 420-ல 12-லிருந்து 14 வரை. 12.8 ரெண்டுக்கும் பொருந்தும். காந்தமும் ரெண்டுலயும் ஒட்டும். பிரிச்சுக் காட்டுறது கார்பன் மட்டும்தான்: 410-ன்னா அதிகபட்சம் 0.15 சதவீதம், 420-ன்னா அதுக்கு மேல. ஸ்பார்க் போட்டுப் பார்க்கிற ஸ்பெக்ட்ரோ லேப்ல கொடுத்தேன், கார்பன் 0.12. கடைக்காரர் கொடுத்த டெஸ்ட் சர்டிபிகேட்டோ ஜெராக்ஸ். அதுல இருந்த ஹீட் நம்பர் (எந்த உருக்குல வந்த சரக்குன்னு காட்டுற நம்பர்) ஃபிளாட்ல அடிச்சிருந்த நம்பரே இல்ல. (420 வாங்கினா 420 வேலைதான் நடக்கும்னு பட்டறைப் பசங்க இன்னும் சிரிக்கிறாங்க.)

"வெட்டின சரக்கு ரிட்டர்ன் இல்ல"ன்னுட்டார். வெட்டாத ஃபிளாட்டை மட்டும் எடுத்துக்கிட்டார். ஹார்டனிங் கூலி, மில்லிங், கிரைண்டிங் எல்லாம் என் தலையில.

நிஜமான 420-லயும் ஒரு சிக்கல் இருக்கு. ஸ்டாண்டர்டுல கார்பன் குறைஞ்சது 0.15-ன்னுதான் போட்டிருக்கு. 0.17 இருக்கிற துண்டும் 420-தான், யாரும் கேட்க முடியாது. ஆனா கத்திக்கு ஆகாது. அதனால பர்ச்சேஸ் ஆர்டர்ல வெறும் 420-ன்னு எழுதாதீங்க. 30சிஆர்13 இல்ல 40சிஆர்13-ன்னு (கார்பன் அளவைப் பேர்லயே சொல்ற கிரேடு) போட்டு, கார்பன் 0.30-க்குக் குறையக்கூடாதுன்னும் எழுதுங்க. சரக்கு வந்ததும் ஒரு துண்டு வெட்டி ஸ்பெக்ட்ரோவுக்கு, இன்னொண்ணு ஹார்டனிங்குக்கு. ஆர்சி வந்த பிறகு மில்லிங்ல ஏத்துங்க, பணமும் அப்பவே கொடுங்க.