படகில் ஸ்டீரியோ பொருத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கித் தொழில் செய்யும் எங்கள் குடும்ப விசைப்படகில், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், மற்றப் பராமரிப்பு வேலைகளோடு ஒரு ஸ்டீரியோவும் பொருத்தினோம். கரையை விட்டுச் சில மணி நேரம் ஓடினாலே கைப்பேசியில் சிக்னல் போய்விடும் என்பதால், சித்தப்பா தம் பாடல்களை ஒரு சிறிய எம்பி3 பிளேயரில் ஏற்றி வைத்திருக்கிறார். அதை ஸ்டீரியோவில் இணைத்துக் கேட்க வேண்டும், பாடும்போதே அதற்குச் சார்ஜும் ஏற வேண்டும் என்பதே எங்கள் தேவை.

மார்த்தாண்டத்தில் கார் ஸ்டீரியோ விற்கும் ஒரு கடையில் இதைச் சொன்னேன். படகில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம் என்பதையும் சொன்னேன். "ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே, தினமும் செய்யுற வேலைதான்" என்றார் கடைக்காரர். 14,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதை நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டது என் தவறு.

வேலைக்கு வந்தவர் 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் எதையும் கொண்டுவரவில்லை. இரண்டு பேட்டரிகளில் பாசிட்டிவ் பக்கம் இருந்த ஒன்றிலிருந்து மட்டும் ஸ்டீரியோவுக்கு ஒயர் இழுத்துவிட்டு, பிளேயருக்கான யூஎஸ்பி சார்ஜரை முழு 24 வோல்ட்டில் மாட்டினார். பிறகு பாட்டை ஸ்டீரியோவுக்குக் கொண்டுபோகும் ஆக்ஸ் ஒயரைப் பிளேயரின் ஹெட்போன் துளையில் செருகி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். சத்தம் நன்றாகவே இருந்தது. பிளேயர் அப்போது தன் சொந்தச் சார்ஜில்தான் ஓடியது என்பது எனக்கு உறைக்கவில்லை. (ஸ்பீக்கர் ஒன்றைத் திசைகாட்டிக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருந்தார்; அதன் காந்தம் முள்ளை இழுத்ததைக் கண்டு நாங்களே கழற்றி மாற்றினோம்.)

கடலில் மூன்றாம் நாள் இரவு பிளேயரில் சார்ஜ் தீர்ந்தது. சித்தப்பா ஆக்ஸ் ஒயரைப் பிடுங்காமலேயே சார்ஜர் ஒயரைச் செருகியதும் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ஆக்ஸ் ஒயர் மெழுகுபோல் இளகித் தொங்க, அதைப் பிடுங்கியதில் அவருடைய இரண்டு விரல்களில் கொப்புளம். பிளேயர் அதோடு போயிற்று.

கரை வந்த பிறகு ஒரு எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துக் காட்டினார். ஸ்டீரியோவின் நெகட்டிவ் இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவே, படகின் நெகட்டிவைவிட 12 வோல்ட் மேலே இருந்தது. சார்ஜரின் நெகட்டிவோ படகின் நெகட்டிவிலேயே இருந்தது. இரண்டையும் ஆக்ஸ் ஒயரின் மெல்லிய வெளிக்கம்பி பிளேயருக்குள்ளேயே இணைத்துவிட, ஒரு பேட்டரி அந்தக் கம்பி வழியே ஷார்ட் ஆகியிருக்கிறது. ஸ்டீரியோவின் பியூஸ் பாசிட்டிவ் ஒயரில் இருந்ததால் அது போகவே இல்லை. தவிர, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால் இரண்டும் சமமாகச் சார்ஜ் ஏறாமல் சீக்கிரமே கெட்டுப்போகும்.

கடைக்காரரிடம் போனால், "உப்புத்தண்ணி இறங்கியிருக்கும்ணே" என்கிறார்.

இப்போது 24 வோல்ட் முழுவதிலிருந்தும் எடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து, ஸ்டீரியோ, சார்ஜர் இரண்டையும் அதிலேயே இணைத்து, பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் போட்டிருக்கிறோம். இன்ஜின் ஓடும்போது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் கீச்சொலி ஸ்பீக்கரில் கேட்டது. ஆக்ஸ் ஒயரின் நடுவே, பாட்டை மட்டும் கடத்தி இருபக்க நெகட்டிவையும் பிரித்து வைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டியதும் அது நின்றது. வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, சார்ஜரும் ஆக்ஸும் ஒரே நேரத்தில் செருகியிருக்கும்போது பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள்.

விற்ற பொருளுக்கு ரசீது தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம் என்பதால், நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். கருகிய ஒயரையும் அந்தத் துண்டுச்சீட்டையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.