ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி: முல்லைத்தீவு முத்தையன்கட்டிலிருந்து ஒரு பாவனை அனுபவம்

புரொஸ்ரேற் புற்றுநோய்க்கு லியூப்ரொலைட் ஜெல் ஊசி போடச் சொல்லிவிட்டார்கள், எப்படியிருக்கும் என்று விசாரித்து ஆட்கள் வருகிறார்கள். அனேகமாக மகன்மாரும் மருமகன்மாரும்தான். சில வருடமாக இதைப் போட்டுவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊசி நல்லது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் என்றவுடன் மிச்ச நாளெல்லாம் நோயை மறந்து திரியலாம் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அது எனக்கு ஒத்துவராத கதை.

இந்த நோய் ஆண் ஹோர்மோனை நம்பி வளர்வது. அதை நிற்பாட்ட டொக்டர் எனக்குச் சொன்னது இரண்டு வழி. ஒன்று விதை எடுக்கிற ஒப்பரேசன், மற்றது ஊசி. ஒப்பரேசன் ஒருநாளில் முடியும், செலவும் குறைவு, பிறகு மருந்துக்கு அலையத் தேவையில்லை. அதைச் செய்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், சுகமாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மருந்து இரண்டு சிறிஞ்சில் வரும். ஒன்றில் லியூப்ரொலைட் தூள். மற்றதில் பிஎல்ஜிஏ என்ற பொலிமரைக் கரைத்த திரவம். உடம்புக்குள் தானாகக் கரையும் தையல் நூல் இருக்கிறதே, அந்த இனத்துப் பொருள்தான் பிஎல்ஜிஏ. இரண்டையும் பொருத்தி, முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிக் கலந்து, தோலுக்குக் கீழே ஏற்றுவார்கள். போகும்போது திரவம்தான். உள்ளே போனதும் கரைப்பான் விலகி உடம்பின் நீர் புகுந்துவிட, பனங்கட்டிப் பாகைப் பதம் பார்க்கத் தண்ணீரில் சொட்டினால் திரளுமே, அப்படித் திரண்டு ஒரு கட்டியாக நிற்கும். அந்தக் கட்டி மெல்ல மெல்லச் சிதையச் சிதைய மருந்து வெளியே வரும். முழுதும் கரைந்துபோவதால் பிறகு வெட்டி எடுக்க எதுவும் இல்லை.

மாத ஊசி 7.5 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு 22.5, நான்கு மாதத்துக்கு 30, ஆறு மாதத்துக்கு 45. ஆறு மாதத்துக்கான ஊசி என்பது மாதாமாதம் போடுகிற ஊசி ஆறைச் சேர்த்து ஒரே ஊசியாக்கினது இல்லை. பொலிமரின் கலவையே வேறு. அதனால் காசை மிச்சம் பிடிக்கப் பெரியதைப் பாதி பாதியாகப் போடலாமோ என்று யாரும் கேட்டால், கூடாது. நான் மாத ஊசியில் தொடங்கினேன். முத்தையன்கட்டிலிருந்து ஒட்டுசுட்டான், அங்கிருந்து மாங்குளம், பிறகு ஏ9 வீதியால் யாழ்ப்பாணம். கூட வருகிற மகனின் ஒருநாள் கூலியும் போய்விடும். ஆறு மாதத்துக்கு மாறினது அந்த ஒரு காரணத்துக்காகவே.

முதல் ஊசிக்கு முன்னரே, ஆண் ஹோர்மோன் வேலைசெய்யாமல் தடுக்கிற பைகலுட்டமைட் 50 மில்லிகிராம் குளிசை தந்தார்கள். காரணம் இருக்கிறது. இந்த மருந்து மூளையடிச் சுரப்பியை முதலில் உசுப்பிவிட்டுத்தான் பிறகு ஓய வைக்கும். ஆகவே முதற் கிழமைகளில் ஹோர்மோன் குறையாது, ஏறும். நோய் முள்ளந்தண்டுக்குப் பரவியவர்களுக்கு அந்த ஏற்றத்தில் நோ கூடலாம், கால் விறைக்கலாம், சலம் அடைக்கலாம். அப்படி வந்தால் அடுத்த கிளினிக் வரட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஊசி போடும் நாளில் கவனிக்க வேண்டியது கலக்கிறதைத்தான். ஒரு தடவை ஒரு இடத்தில் அவசரம் அவசரமாக நாலு தள்ளுத் தள்ளிவிட்டு ஏற்ற வந்தார்கள். நான் பெட்டிக்குள் இருந்த தாளைக் காட்டினேன். அந்தத் தாதிக்குக் கோபம். கோபப்படட்டும். சரியாகக் கலக்காவிட்டால் மருந்தின் அளவு குறையும், அடுத்த மாதங்கள் முழுக்க அதன் பலனை அனுபவிக்கிறது நாங்கள். லியூப்ரொலைட் டிப்போ ஊசிகளைத் தயாரிப்பதில் நடக்கும் பிழைகளைப் பற்றி ஐரோப்பிய மருந்து முகவரகமே 2020 இல் எச்சரித்திருக்கிறது. கலந்தபின் 30 நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஏற்றும்போது எரியும். “கொஞ்சம் எரியும் ஐயா” என்று சொல்வார்கள், கொஞ்சம் இல்லை. ஆனால் கெதியில் அடங்கிவிடும்.

இன்னொன்று, சாரம் கட்டுகிறவர்களுக்கு. வயிற்றில் போடுவதென்றால் சாரக் கட்டு வருகிற இடத்தை விட்டு மேலேயோ கீழேயோ போடச் சொல்லுங்கள். கட்டி உரசுப்படக் கூடாது. ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் போட்டது என்று கிளினிக் கொப்பியில் எழுதுவித்தால் அடுத்த முறை தடுமாற்றம் இல்லை.

மருந்தை 2 முதல் 8 பாகையில் வைக்க வேண்டும். வன்னிச் சித்திரை வெயிலில் இது பெரிய சோலி. 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற காலத்தில் பிரிட்ஜை நம்ப முடியவில்லை. இப்போது மருந்தகத்தில் காசு கட்டிவிட்டு, போடுகிற அன்றுதான் ரெஜிபோம் பெட்டியோடு போய் எடுக்கிறேன். ஐஸ் மருந்தில் நேரே படாமல் நடுவில் துவாய் சுற்றுவோம், உறைந்தாலும் பழுது.

இனி அந்த இடைப்பட்ட மாதங்கள். நடுச்சாமத்தில் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும். மனுசி முதலில் மலேரியா என்று பயந்துபோய், “இஞ்சாருங்கோ, எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்று நின்றா. தசை வற்றும், வயிறு வைக்கும். முன்பு தனியே தூக்கின நெல்மூட்டையை இப்போது தொடவும் மாட்டேன். புருசன் பெண்சாதி உறவில் ஆசை போய்விடும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்கிறதில்லை, அதனால் நான் சொல்கிறேன். தொடங்க முன்னம் இரண்டு பேரும் இருந்து கதைத்துக்கொள்வது நல்லது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சீனி ஏறலாம். எலும்பு ஐதாகும்; அது முறியும்வரை சத்தம் போடாது. வரம்பில் வழுக்கி விழுகிற எங்கள் வாழ்க்கைக்கு இதுதான் பெரிய ஆபத்து. கல்சியம், விற்றமின் டி, தினமும் நடை. முடிந்தவர்கள் எலும்பு அடர்த்தி ஸ்கானும் எடுக்கலாம். நோயின் போக்கைக் காட்டுகிற பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையை ஊசித் திகதியோடு முடிச்சுப் போடாதீர்கள், டொக்டர் சொன்ன தவணையில் எடுங்கள். எப்போதாவது ரெஸ்ரொஸ்ரரோன் என்ற அந்த ஆண் ஹோர்மோனின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு டெசிலீற்றர் இரத்தத்துக்கு 50 நனோகிராமுக்குக் கீழே நிற்கிறதா என்பதுதான் ஊசி வேலைசெய்கிறதற்கு அத்தாட்சி.

திகதி பிந்தினால் ஹோர்மோன் திரும்ப எழும்பத் தொடங்கும். எனக்கு முன்பு வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலோடு ஒன்று, மற்றது கார்த்திகையில் என்று வந்தது. கார்த்திகை மழைக்குக் குளம் வான் பாய்ந்து றோட்டு மூடினால் பஸ்ஸும் இல்லை, ஓட்டோவும் இல்லை. டொக்டரிடம் கதைத்து மாசிக்கும் ஆவணிக்கும் மாற்றிக்கொண்டேன். மாசியில் காலபோக அறுவடைக் காசும் கையில் இருக்கும்.