செகண்ட் ஹேண்ட் கமாகா உகுலேலே: கொடுக்கிற காசுக்குத் தேறுமா?

தேறும். ஆனால் இதை இவ்வளவு தைரியமாகச் சொல்வது இரண்டாவது தடவை வாங்கிய பிறகுதான். முதல் தடவை நன்றாகச் சூடுபட்டேன், அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கமாகா என்பது ஹவாயில் உகுலேலே செய்யும் கம்பெனி. இப்போது கையில் இருப்பது அவர்களுடைய ஹெச்எஃப்-3 என்ற மாடல். டெனர் அளவு (உகுலேலேயில் சற்றுப் பெரியது), முழுக்கக் கோவா (koa) மரம், முதல் சொந்தக்காரர் ஏழு வருஷம் வாசித்தது. கேட்ட விலை 1,350 டாலர், பேசிப் பேசி 1,250க்கு முடிந்தது, அனுப்பும் செலவு அவருடையது. நாலே தந்தி உள்ள, குழந்தை கித்தார் மாதிரி இருக்கிற ஒன்றுக்கு இவ்வளவா என்று ஊரிலிருந்து அம்மா கேட்டார். அவர் வீணை வாசிப்பவர். வீணைக்குப் பலா மரம் எப்படியோ உகுலேலேவுக்குக் கோவா அப்படி, ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் தானாக வளராத மரம் என்றேன். "அப்ப சரி" என்று விட்டுவிட்டார்.

கமாகா பற்றி நிறையச் சொல்லலாம். போர்ச்சுகலின் மதேய்ராத் தீவிலிருந்து 1879ல் ஹொனலூலு வந்து இறங்கிய மூன்று தச்சர்களில் ஒருவர் மனுவேல் நூனெஸ், அவரிடம் உகுலேலே செய்யும் தொழில் கற்றவர் சாமுவேல் கமாகா, 1916ல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார், இன்றும் அதே குடும்பம்தான் நடத்துகிறது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அங்கே காது கேளாத கைவினைஞர்கள் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறார்கள், மரப்பலகையைத் தட்டி அதிர்வை விரலிலேயே உணர்ந்து எவ்வளவு இழைக்க வேண்டும் என்று முடிவு செய்வார்களாம். வாசிக்கும்போது நெஞ்சில் வந்து அதிர்கிற அந்த நடு ஸ்தாயி ஒலியைக் கேட்டால் இது வெறும் கதையாகத் தோன்றாது. ஒரே குறை, கழுத்து என் விரலுக்குக் கொஞ்சம் ஒடுக்கம். டி கார்டு (சில தந்திகளைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) பிடிக்க மூன்று விரலும் இடித்துக்கொள்கின்றன. தந்தியையும் மாற்றிவிட்டேன், கறுப்பு நைலான் போய் இப்போது ஃப்ளூரோகார்பன். இது அவரவர் காது.

சரி, முதல் தடவைக்கு வருவோம். அதுவும் ஹவாயில் செய்த டெனர்தான், வேறு கம்பெனி, பெயர் வேண்டாம், அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. நம்மூரில் பழைய பைக் விற்பவர் "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி" என்பாரே, அதற்கு உகுலேலே உலகத்தில் ஒரு வசனம் உண்டு: "வாங்கியதிலிருந்து பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை, ஒரு கீறல் கிடையாது." விளம்பரத்தில் அதுதான் இருந்தது. படங்களும் பளபள. நான் 980 டாலர் கொடுத்தேன். பேபாலில் நண்பர்களுக்கு அனுப்புவதுபோல் அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்று விற்றவர் சொன்னார், நானும் ஏதோ சாமர்த்தியம் செய்வதுபோல் அப்படியே அனுப்பினேன். அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது என்பது எனக்கு முன்பே தெரியும், அதுதான் இன்னும் எரிகிறது.

வந்த வாத்தியத்தில் உண்மையிலேயே ஒரு கீறல் இல்லை. ஆனால் கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டினால் ரம்பம் மாதிரி குத்தியது, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் (வீணையில் மெட்டு) முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மேல்பலகை குழிந்திருந்தது. வீணையில் குதிரை என்போமே, அந்த பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு காகிதம் தாராளமாக நுழைந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், மரம் காய்ந்துவிட்டது. இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள பலகை அது, ஈரக்காற்றுள்ள தீவில் செய்தது, குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் பெட்டிக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடந்தால் சுருங்காமல் என்ன செய்யும்? நான் இருக்கிற, அமெரிக்காவின் வடக்கே உள்ள மினியாபொலிஸில் ஜனவரியில் வீட்டுக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு வந்துவிடும், இந்த மரங்களுக்கு 45லிருந்து 55 வரை வேண்டும். விற்றவர் பொய் சொல்லவில்லை, வெளியே எடுக்கவே இல்லைதான். எடுத்து வாசித்திருந்தால் ஃப்ரெட் குத்துவது அவருக்கே தெரிந்திருக்கும்.

எனவே "யாரும் தொடாதது" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். தினமும் வாசித்து ஒலித்துளை ஓரம் நகக்கீறல் விழுந்தது வந்தால் நின்று பார்க்கிறேன். இந்தக் கமாகா அப்படித்தான். விற்றவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றி இல்லை, இது எந்த ஊரில் எந்த அறையில் இருந்தது, ஈரப்பதத்துக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான். பெட்டிக்குள் ஈரப்பதத்தை 49 சதவீதத்தில் நிறுத்தும் போவேடா பொட்டலம் இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றுகிறேன் என்று ஈரப்பதமானியின் படத்தோடு பதில் வந்தது. பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

மீதிக்கு வீடியோ கேட்டேன். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக நிதானமாக வாசித்துக் காட்டச் சொன்னேன், எங்கேயாவது ரீங்கரிக்கிறதா, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி சேர்கிறதா என்று கேட்க. பிறகு மேல்பலகையின்மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒரு படம், நேராக எடுத்த படத்தில் தெரியாத வெடிப்பும் குழியும் சாய்ந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். கடைசியாக, ஒரு காகிதத்தில் என் பெயரும் அன்றைய தேதியும் எழுதி வாத்தியத்தின் பக்கத்தில் வைத்து ஒரு படம். அடுத்தவர் படத்தைத் திருடி விளம்பரம் போடுகிறவர்கள் இந்த இடத்தில் காணாமல் போய்விடுவார்கள். மனுஷன் சலிக்காமல் எல்லாம் செய்தார். பணம் பேபாலில் பொருள் வாங்கும் வழியில்தான் அனுப்பினேன், கட்டணத்தை நானே ஏற்றுக்கொண்டேன், அது கிட்டத்தட்ட 3 சதவீதம். 180 நாள் வரை புகார் செய்யலாம் என்ற நிம்மதிக்கு அது அதிகமில்லை. பெரும்பாலும் கம்பெனி வாரண்டி முதல் சொந்தக்காரரோடு முடிந்துவிடும், அதனால் நமக்கு இருக்கிற பிடி இது ஒன்றுதான்.

பார்சல் வந்த நாள் வெளியே மைனஸ் 18. பெட்டியைத் திறக்காமல் மறுநாள் வரை கூடத்தில் வைத்திருந்தேன், குளிர்ந்து வந்த லாக்கர் என்கிற மெருகுப் பூச்சு திடீர்ச் சூட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். குழந்தை பிறந்த வீட்டில் வெளியாட்களை விடாத மாதிரி காவல் காக்கிறீர்களே என்று மனைவி கிண்டல் செய்தாள். திறந்தபோது பார்க்கவே திருப்தி: தந்திகள் கொஞ்சம் தளர்த்தி, கழுத்துக்கு அடியில் துணி கொடுத்து, கேஸை ஒரு பெட்டியிலும் அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டியிலும் போட்டு, குலுக்கினால் சத்தமே வரவில்லை.

காய்ந்துபோன பழையதை என்ன செய்தேன்? ரிப்பேர்காரர் அதை இரண்டு வாரம் ஈரப்பதத்தில் வைத்து, பிரிட்ஜை ஒட்டி, ஃப்ரெட் முனைகளை ராவி 240 டாலர் வாங்கினார். பிறகு ஒரு விற்பனைத் தளத்தில் போட்டேன், பிரிட்ஜ் ஒட்டிய படம், ரசீது எல்லாம் சேர்த்துத்தான். 900க்குப் போனது. தளத்தின் தரகும் பணப் பரிமாற்றக் கட்டணமும் 74, பெட்டியும் அனுப்பும் செலவும் 46, கைக்கு வந்தது 780. ஆக மொத்தம் 440 டாலர் நஷ்டம். விற்கும்போது தளங்கள் எடுக்கிற இந்தப் பங்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை. கனடாவிலிருந்து ஒருவர் கேட்டார், கோவா மரம் என்பதால் அனுமதிப் பத்திரத் தொல்லை இல்லை, பிரேசில் ரோஸ்வுட் என்றால் 1992 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் எல்லை தாண்டுவது பெரும்பாடு. கடைசியில் உள்ளூர்க்காரரே வாங்கிக்கொண்டார்.

போன வாரம் ஒரு பாரிட்டோன் (டெனரைவிடப் பெரிய உகுலேலே) விளம்பரம் கண்ணில் பட்டது. நல்ல விலை, நல்ல படங்கள், "புத்தம் புதுசு மாதிரி" என்று போட்டிருக்கிறது. ஈரப்பதத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதினேன், இன்றோடு ஐந்து நாள், பதில் இல்லை.